ஸ்மார்ட் மீட்டரும் மாலை ஆறு மணியும்

"மின்சாரத்துக்குமா சாதி? எல்லாவற்றிலும் சாதியைத் தேடுகிறீர்களே!"

ஸ்மார்ட் மீட்டரைப் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டுவிடுகிறார். கேட்பவர் சங்கி அல்ல. இடஒதுக்கீட்டை ஆதரிப்பவர், தேர்தலில் நம் பக்கம் நிற்பவர், நம் கூட்டங்களுக்கும் வந்து போகிறவர். அதனால் கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மின்சாரத்துக்குச் சாதி கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலை 11 மணிக்கு யார் எந்த வீட்டில் நிற்கிறார்கள், மாலை 6 மணிக்கு யார் எந்த வீட்டுக்குத் திரும்புகிறார்கள் என்பதற்குச் சாதி உண்டு. பழைய மீட்டருக்கு இது தெரியாது. புதிய மீட்டர் இதைத்தான் அளக்கப் போகிறது.

இன்று நம் வீட்டுச் சுவரில் தொங்கும் மீட்டர் ஒன்றே ஒன்றைத்தான் சொல்கிறது. போன முறை கணக்கெடுத்ததிலிருந்து மொத்தம் எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்பதை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பவர் வருகிறார், பார்க்கிறார், குறிக்கிறார். கட்ட 20 நாள் அவகாசம் இருக்கிறது. ஸ்மார்ட் மீட்டர் 15 நிமிடத்துக்கோ அரை மணி நேரத்துக்கோ ஒருமுறை நம் பயன்பாட்டைப் பதிந்து அலுவலகத்துக்கு அனுப்பும். அங்கே உட்கார்ந்தபடியே நம் இணைப்பைத் துண்டிக்கலாம். மாதக் கடைசியில் பணம் கட்டும் முறையை, முன்பணம் போட்டால்தான் விளக்கு எரியும் என்ற ப்ரீபெய்டு முறையாக மாற்றலாம். எந்த மணிக்கு எவ்வளவு விலை என்று தனித்தனியாகக் கணக்குப் போடலாம். சென்னையில் தி.நகர் பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்கள் முன்னோட்டமாக ஏற்கெனவே பொருத்தப்பட்டுவிட்டன. அங்கே ஒன்றும் ஆகிவிடவில்லையே என்பார்கள். இயந்திரத்தைப் பொருத்துவது ஒரு நாள் வேலை. அதை என்ன செய்யச் சொல்வது என்பது இன்னொரு நாள் வெளியாகும் ஆணை.

அந்த ஆணைகளைப் பார்ப்போம். 2021 ஜூலையில் ஒன்றிய அரசு ஆர்.டி.எஸ்.எஸ். என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. மூன்று லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பு. நாடு முழுவதும் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்கள், அதுவும் ப்ரீபெய்டாக இயங்கும் மீட்டர்கள் வேண்டும் என்றது. விவசாய இணைப்புகளுக்கு விலக்கு. (இந்த விலக்கை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: நிலமும் கிணறும் இருப்பவர் இந்தக் கருவியிலிருந்து தப்பிவிடுகிறார், அவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நடுபவரின் காலனி வீடு தப்பவில்லை.) அடுத்து 2023 ஜூனில் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. பெயரில் 'உரிமை' இருக்கும்போது கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. அந்தத் திருத்தத்தின்படி சூரிய மின்சாரம் கிடைக்கும் எட்டு மணி நேரத்துக்குக் கட்டணம் குறைந்தது 20 விழுக்காடு குறைய வேண்டும். தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 விழுக்காடு கூட வேண்டும். விவசாயம் தவிர்த்த மற்றவர்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் என்று நாளும் குறித்தார்கள். ஸ்மார்ட் மீட்டர் பொருத்தியவுடன் இந்தக் கட்டணம் பொருந்தும் என்றும் எழுதினார்கள்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. தொழிற்சாலைகளுக்கு உச்ச நேரக் கட்டணம் இருக்கிறது, அதில் மாலை 6 முதல் 10 மணி வரை உச்ச நேரம். 2023இல் கோவையிலும் மற்ற ஊர்களிலும் சிறு குறு தொழில்முனைவோர் இதை எதிர்த்துப் போராடினார்கள். வீட்டுக்கு வந்தாலும் உச்ச நேரம் மாலையில்தான் இருக்கும். சூரியன் மறைந்த பிறகுதான் பற்றாக்குறை.

இப்போது கோபாலபுரத்துக்கு வாருங்கள். நான் இங்கேதான் இருக்கிறேன், ஒரு பழைய வீட்டின் பின்கட்டைத் தடுப்புச் சுவர் வைத்துப் பிரித்த போர்ஷன் ஒன்றில். முன்னாள் முதலமைச்சர் குடும்பத்தின் பெயரோடு சேர்ந்தே உச்சரிக்கப்படும் ஊர்ப்பெயர் என்பதால் வெளியூர்த் தோழர்கள் இதை ஏதோ கோட்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே வந்தால் அடுக்குமாடி வீடுகள், பழைய தனி வீடுகள், அவற்றின் பின்பக்கம் எங்களைப் போன்றவர்கள். காலை ஆறரை மணிக்கு ராயப்பேட்டை பக்கமிருந்தும் பேருந்து நிறுத்தத்திலிருந்தும் பெண்கள் நடந்து வருவதைப் பார்க்கலாம். என் அத்தையும் அவர்களில் ஒருவர். கூவம் கரையில் குடிசை இருந்தவரை அத்தை நடந்தே வேலைக்கு வந்தார். குடிசையை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடத்தில் ஒரு வீடு கொடுத்தார்கள். இப்போது இருபது கிலோமீட்டருக்கு மேல் பேருந்து. வேலை மட்டும் அதே கோபாலபுரத்தில், அதே மூன்று வீடுகளில்.

பகலில் மின்சாரம் மலிவாகும், மாலையில் விலை கூடும் என்று அத்தையிடம் ஒருநாள் விளக்கிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே நிறுத்தினார். "பகல்ல தொவைச்சா காசு கம்மியா? பகல்ல நான் அவங்க வூட்லதானேடா தொவைக்கிறேன்?" என்றார்.

பொருளாதார நிபுணர்கள் நாற்பது பக்கத்தில் எழுதுவதை அத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அடுக்குமாடி வீட்டின் வாஷிங் மெஷினைக் காலை 11 மணிக்கு ஓட்டுவது யார்? அரிசி, உளுந்தைக் கிரைண்டரில் போடுவது யார்? இஸ்திரி போடுவது யார்? அந்த வீட்டுக்காரர் சூரிய நேரத் தள்ளுபடியை அனுபவிக்க முடிகிறதென்றால், அந்த நேரத்தில் அங்கே நின்று வேலை செய்ய இன்னொருவர் இருக்கிறார் என்பதால்தான். தள்ளுபடியை உண்டாக்கும் உழைப்பு அத்தையுடையது. தள்ளுபடி போய்ச் சேருவது வீட்டுக்காரரின் ரசீதில். அத்தை பெரும்பாக்கம் போய்ச் சேரும்போது மணி ஏழரை. அதன் பிறகுதான் அவர் வீட்டில் விளக்கு, விசிறி, மிக்ஸி, பிள்ளைகளின் படிப்பு, மறுநாள் சமையல். எல்லாம் கூடுதல் விலை நேரத்தில்.

வீட்டு வேலைக்கு வருபவர்கள் எந்தச் சேரியிலிருந்து, எந்தக் குடியிருப்பிலிருந்து வருகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். தூய்மைப் பணியாளர், கட்டட வேலை செய்பவர், காவலாளி, உணவு கொண்டுவரும் பையன் என்று பகல் முழுக்க அடுத்தவர் வீட்டிலும் தெருவிலும் கழிப்பவர்கள் யார் என்று பாருங்கள். பிறகு பகலில் வீட்டிலிருந்தே மடிக்கணினியில் வேலை பார்ப்பவர்கள், கூரையில் சோலார் பலகை பதிக்கச் சொந்த மாடி உள்ளவர்கள் யாரென்று பாருங்கள். சாதி தொழிலைப் பிரித்தது என்று படிக்கிறோம். தொழிலைப் பிரித்தபோதே நேரத்தையும் பிரித்துவிட்டது. தன் நேரத்தைத் தானே நகர்த்திக்கொள்ள முடிகிறவருக்குச் சலுகை, முடியாதவருக்குத் தண்டம். இதற்குச் 'சந்தைச் சைகை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மாலையில் பற்றாக்குறை என்பது பொய்யா? இல்லை. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது, அதுவரை இல்லாத உச்சம். ஆனால் அந்த உச்சத்தை உண்டாக்குவது எது? ஒரு அறையில் ஓடும் ஒரு விசிறியா, நாலு அறையிலும் ஓடும் ஏ.சி.யா? இதற்குத் தமிழ்நாட்டிடம் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது. வீட்டுக் கட்டணம் படிப்படியாக உயர்கிறது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம், அது 2016 மே மாதம் வந்தது. ஆயிரம் யூனிட்டைத் தாண்டினால் ஒரு யூனிட்டுக்குப் பதினோரு ரூபாய்க்கு மேல். அதிகம் எரிப்பவர் அதிகம் கொடு என்ற எளிய நியாயம் இது. குறைகள் உண்டு, திருத்தலாம். நேரக் கட்டணம் இந்த நியாயத்தைத்தான் மெல்ல இடம் மாற்றுகிறது. 'எவ்வளவு எரித்தாய்' என்று கேட்ட அரசு, இனி 'எப்போது எரித்தாய்' என்று கேட்கும். முதல் கேள்விக்கு வசதியானவர்தான் பதில் சொல்லித் திணற வேண்டும். இரண்டாவது கேள்வியில் அத்தையின் கழுத்துக்குக் கயிறு.

அந்த 100 யூனிட்டும் எல்லோருக்கும் கிடைக்கிறதா என்றால், அதுவும் இல்லை. இலவசம் என்பது இணைப்புக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல. எங்கள் பின்கட்டில் நாலு குடும்பம், வெளியே ஒரே ஒரு மின் இணைப்பு. உள்ளே ஒவ்வொரு போர்ஷனுக்கும் வீட்டுக்காரர் வைத்த சப்-மீட்டர். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்பது அவர் போட்ட சட்டம். இலவச 100 யூனிட்டும் குறைந்த படிக் கட்டணமும் அவர் கணக்கில், பத்து ரூபாய் எங்கள் கணக்கில். சென்னையில் வாடகைக்கு இருக்கும் எவரிடமும் கேளுங்கள், இதே கதையைச் சொல்வார். சொந்தமாக இணைப்பு வாங்கிக்கொள்ளலாமே என்கிறீர்களா? 2003 மின்சாரச் சட்டத்தின் 43ஆவது பிரிவு உரிமையாளருக்கு மட்டுமல்ல, குடியிருப்பவருக்கும் மின்சாரம் கேட்கும் உரிமையைக் கொடுக்கிறது. நடைமுறையில் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். 'சைவம் மட்டும்' என்று எழுதாமலே சைவம் மட்டும் என்று சொல்லத் தெரிந்த வட்டாரம் இது. ஊர் எது, தெரு எது, அப்பா பெயர் என்ன என்று மூன்று கேள்வியில் சாதியைக் கண்டுபிடித்து, "வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்பா" என்று கதவைச் சாத்துவார்கள். பத்து வீடு ஏறி இறங்கி ஒரு போர்ஷன் பிடித்தவன், மின் இணைப்புக்காக வீட்டுக்காரரை எதிர்த்து மனுப் போடுவானா?

நாளை வெளியே உள்ள அந்த ஒரே இணைப்பில் ஸ்மார்ட் மீட்டர் வந்து, மாலை நேரத்துக்கு விலை கூடினால் பத்து ரூபாய் பன்னிரண்டாகும். பகல் நேரத்துக்குக் குறைந்தால் எட்டாகுமா? எந்த வீட்டுக்காரர் அப்படிக் குறைத்து நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்?

ப்ரீபெய்டு இதைவிட மோசமானது. இன்று பணம் கட்டத் தவறினால், மின்சாரச் சட்டத்தின் 56ஆவது பிரிவுப்படி 15 முழு நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்த பிறகுதான் துண்டிக்க முடியும். வந்து துண்டிப்பவரும் ஒரு மனிதர். "அண்ணா, ரெண்டு நாள் பொறுங்க, கூலி வந்துடும்" என்று சொல்லலாம். சில நேரம் பொறுப்பார். ப்ரீபெய்டு மீட்டரில் அறிவிப்பும் இல்லை, அண்ணாவும் இல்லை. இருப்புத் தீர்ந்தால் இருட்டு. அதே சட்டத்தின் 47ஆவது பிரிவு, ப்ரீபெய்டு மீட்டரை ஏற்க நுகர்வோர் தாமே முன்வந்தால் அவரிடம் வைப்புத்தொகை கேட்கக் கூடாது என்கிறது. அதாவது நாடாளுமன்றம் அதை ஒரு விருப்பத் தேர்வாக எழுதியது. 2020இல் வந்த விதிகள் அந்த விருப்பத்தைக் கட்டாயமாக்கிவிட்டன. சட்டத்தைவிட விதி பெரிதாகிப்போனது.

இந்த ப்ரீபெய்டு மீட்டர் எங்கே வளர்ந்தது தெரியுமா? நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில். 1980களில் கறுப்பின மக்களின் குடியிருப்புகளில் வாடகையும் கட்டணமும் கட்ட மறுக்கும் புறக்கணிப்புப் போராட்டம் வெடித்தது. நிறவெறி அரசுக்கு எதிரான அரசியல் போராட்டம் அது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் எஸ்காம் என்ற அரசு மின்நிறுவனம் ப்ரீபெய்டு மீட்டர்களைக் கொண்டுவரத் தொடங்கியது. முதலில் காசு, பிறகு மின்சாரம் என்றாகிவிட்டால் கட்ட மறுப்பது என்ற ஆயுதமே மக்கள் கையில் இருக்காது அல்லவா? நிறவெறி போன பிறகும் மீட்டர் போகவில்லை, தண்ணீருக்கும் வந்தது. ஜோகன்னஸ்பர்க் நகரின் சொவேட்டோ மக்கள் தண்ணீர் ப்ரீபெய்டு மீட்டரை எதிர்த்து அரசமைப்பு நீதிமன்றம்வரை போய் 2009இல் தோற்றார்கள். பிரிட்டனிலோ 2023 பிப்ரவரியில், பிரிட்டிஷ் கேஸ் நிறுவனத்துக்காக வேலை செய்தவர்கள் கடன்பட்ட ஏழைகளின் வீடுகளைத் திறந்து நுழைந்து ப்ரீபெய்டு மீட்டர் பொருத்தியதை 'தி டைம்ஸ்' நாளேடு அம்பலப்படுத்தியது. ஸ்மார்ட் மீட்டர் இருக்கும் வீட்டில் பூட்டை உடைக்கும் வேலைகூட இல்லை, அலுவலகத்திலிருந்தே ப்ரீபெய்டாக மாற்றிவிடலாம்.

பெரும்பாக்கத்தின் எட்டு மாடியில் இதை நினைத்துப் பாருங்கள். அங்கே மின்சாரம் நின்றால் விளக்கு மட்டும் அணைவதில்லை. மோட்டார் ஓடாது, தண்ணீர் ஏறாது, லிஃப்ட் நிற்கும். அன்றாடம் கூலி வாங்கும் குடும்பத்திடம், அடுத்த வார மின்சாரத்துக்கு இன்றே பணம் போடு என்கிறார்கள்.

இப்போது அம்பேத்கரிடம் போக வேண்டியிருக்கிறது. பலருக்கு அவர் அரசமைப்புச் சட்டத்தோடு நின்றுவிடுகிறார். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரம் அவர் பொறுப்பில் இருந்தது. 1943 அக்டோபரில் மின்சாரக் கொள்கைக் குழுவின் கூட்டத்தில் அவர் ஆற்றிய உரையைத் தேடிப் படியுங்கள். மின்சாரம் தனியார் கையில் இருப்பதா அரசின் கையில் இருப்பதா என்ற கேள்வியை அன்றே மேசைமேல் வைத்தார். மலிவாகவும் தாராளமாகவும் மின்சாரம் கிடைத்தால்தான் தொழில்மயம், தொழில்மயமானால்தான் இந்த மக்கள் வறுமையின் சுழலிலிருந்து வெளியே வர முடியும் என்பது அவர் வாதம். 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' நூலில் முதன்மைத் தொழில்கள் அரசுடைமையாக வேண்டும் என்று அரசமைப்பிலேயே எழுதச் சொன்னார். கிராமத்து நிலத்தோடும் சாதித் தொழிலோடும் கட்டப்பட்டவனுக்கு மின்சாரத்தை அவர் ஒரு வெளிவாசலாகப் பார்த்தார். மின்சாரம் என்பது காசு போட்டால் திறக்கும் பெட்டி அல்ல அவருக்கு.

இன்று அந்தப் பெட்டியின் சாவி யார் கையில்? ஆர்.டி.எஸ்.எஸ். திட்டப்படி மீட்டரை மின்வாரியம் வாங்குவதில்லை. ஒரு தனியார் நிறுவனம் முதல் போட்டுப் பொருத்தும், சுமார் பத்தாண்டுகள் நடத்தும், மீட்டருக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வாங்கிக்கொள்ளும். நாம் கட்டும் பணத்திலிருந்து அந்த நிறுவனத்தின் பங்கை நேரடியாக எடுத்துக் கொடுக்கவும் ஏற்பாடு இருக்கிறது. வாரிய ஊழியரின் சம்பளம், ஓய்வூதியம், உடைந்த கம்பத்தை மாற்றும் செலவு எல்லாம் பிறகு. தமிழ்நாட்டில் சென்னை உள்ளிட்ட எட்டு மாவட்டங்களுக்கு 82 லட்சம் மீட்டர்களுக்கான டெண்டரில் குறைந்த விலை கேட்டது அதானி நிறுவனம். அந்த விலையே அதிகம் என்று சொல்லி 2024 டிசம்பர் 27 அன்று டெண்டரை ரத்து செய்தார்கள். நல்லது. ஆனால் ரத்தானது டெண்டர், திட்டம் அல்ல. அதானி போய் இன்னொருவர் வந்தால் அத்தையின் மாலை நேரம் மாறிவிடாது. அதானியை எதிர்ப்பதோடு நம் கடமை முடிந்தது என்று கொண்டாடிய தோழர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தனியார் பத்தாண்டு நடத்தும் இந்த முறையைக் கேரளம் மறுத்து, தன் மின்வாரியமே மீட்டர் வாங்கிப் பொருத்தும் என்று முடிவெடுத்தது. 2024 மே மாதம் மோடியின் சொந்த மாநிலமான குஜராத்தில், வதோதரா மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த மாதமே மகாராஷ்டிரத்தில், தேர்தல் நெருங்கிய நிலையில், சாதாரண வீடுகளுக்கு ப்ரீபெய்டு இல்லை என்று அறிவித்தார் பட்னவிஸ். எதிர்த்தால் பின்வாங்குகிறார்கள் என்பதற்கு இத்தனை சான்று இருக்கும்போது நாம் மட்டும் டெண்டர் விலையை விவாதித்துக்கொண்டிருக்கிறோம்.

மாதந்தோறும் கணக்கெடுப்பு வேண்டும் என்றால் ஸ்மார்ட் மீட்டர் வந்தாக வேண்டும் என்கிறது அரசு. மாதக் கணக்கெடுப்பு 2021 தேர்தல் வாக்குறுதி, மக்களுக்குத் தேவையானதும்கூட. ஆனால் அதற்குத் தேவை கணக்கெடுக்கும் ஆட்கள். காலிப் பணியிடங்களை நிரப்பினால், இடஒதுக்கீட்டோடு சில ஆயிரம் பிள்ளைகளுக்கு அரசு வேலை கிடைக்கும், மாதக் கணக்கும் நடக்கும். ஆளுக்குப் பதில் இயந்திரத்தை வைக்கும்போது அந்த இடஒதுக்கீட்டு இடங்களும் சேர்ந்தே காணாமல் போகின்றன. இதை எந்தத் திட்ட அறிக்கையும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை.

தரவு பற்றியும் ஒரு சொல். நாம் எப்போது எழுகிறோம், எத்தனை பேர் வீட்டில் இருக்கிறோம், எந்த நாள் வீடு பூட்டியிருந்தது என்று எல்லாமே அந்த அரைமணிக் கணக்கில் தெரியும். 2.67 கோடி மின் இணைப்புகளோடு ஆதாரை ஏற்கெனவே இணைக்கச் சொல்லி வாங்கிவிட்டார்கள். நெதர்லாந்தில் 2009இல் இதே அந்தரங்கக் காரணத்துக்காகக் கட்டாய ஸ்மார்ட் மீட்டர் மசோதாவை மேலவை நிறுத்தியது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னதை மின்வாரியத்தில் யாராவது படித்தார்களா?

நான் தொழில்நுட்பத்தை எதிர்ப்பவன் இல்லை. மின்மாற்றிகளிலும் பெரிய நிறுவனங்களிலும் வணிக வளாகங்களிலும் தாராளமாகப் பொருத்துங்கள். எங்கே மின்சாரம் வீணாகிறது என்று அங்கேயே தெரியும். வீடுகளுக்கு நேரக் கட்டணம் இல்லை, நுகர்வோர் எழுதிக் கேட்டாலொழிய ப்ரீபெய்டு இல்லை என்பதை வாய்மொழியாக அல்ல, ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணையாக வெளியிடுங்கள். வாடகைக்கு இருப்பவர் வாடகை ரசீதையோ ஆதாரையோ காட்டினால் வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் தனி இணைப்பும் அதற்குரிய 100 யூனிட்டும் கொடுங்கள்.

இதையெல்லாம் எங்கே சொல்வது? கட்டணத்தை மாற்றும் முன் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மக்கள் கருத்தைக் கேட்கும். 2022 கட்டண உயர்வுக்கு முன் சென்னைக் கூட்டம் ஆகஸ்ட் 22ஆம் தேதி, கலைவாணர் அரங்கில் நடந்தது. அன்று திங்கட்கிழமை. அத்தை அந்த நேரத்தில் கோபாலபுரத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுத்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை நடத்து, ஒன்றைப் பெரும்பாக்கத்தில் நடத்து என்று இப்போதே ஆணையத்துக்கு மனு அனுப்புவோம். தமிழில் ஒரு பக்கம் போதும். உங்கள் வீட்டில் யார் எந்த நேரத்தில் விளக்குப் போடுகிறார்கள், ஏன் அந்த நேரத்தில் மட்டும் போட முடிகிறது என்று எழுதுங்கள். எங்கள் போர்ஷன்களிலிருந்து நாலு மனு தயாராக இருக்கிறது.